தவறுக்கு ஒரு கேக்

ஆய்வகத்தில் உயிர்ச்செல்களை வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும், உள்ளேயிருக்கும் செல்களிடம் கெர்டா லவ்ரிட்சன் சொல்வது, "வாங்கம்மா, பசிக்குதா?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் மழைக்கோட்டையே கழற்றுவாள். ஞாயிற்றுக்கிழமையும் இதே கதை. "செல்லுக்கு ஞாயிறாவது திங்களாவது, போடில்!" என்பாள் என்னிடம். போடில் நான்தான். அவள் ஆய்வகம் இருக்கும் மாடியில் கண்ணாடிச் சாமான் கழுவுவதும், அவளுடைய செல்களுக்கு உணவுக் கரைசல் கலக்குவதும் என் வேலை.

கெர்டாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. படித்தது இங்கே ஓடென்ஸ் நகரில். பிறகு எடின்பரோ, ஹைடல்பெர்க், மறுபடியும் இங்கே. எல்லாமே மூன்று மூன்று வருட ஒப்பந்தங்கள். எடின்பரோவில் பள்ளி ஆசிரியன் ஒருவன் தன்னோடு தங்கிவிடச் சொன்னான். அந்த வாரமே ஹைடல்பெர்க்கிலிருந்து கடிதம் வந்தது, போய்விட்டாள். இப்போது அவள் சைக்கிள் கூடையில் ஓர் ஆளுக்கான ரொட்டி, ஓர் ஆளுக்கான மீன். நின்றபடியே சாப்பிடுவாள். தனிமையைப் பற்றி ஒரே ஒரு முறை, அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பழகிடுச்சுன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

இந்த வசந்தத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்தது. ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. இதை விட்டால் வேறு வழி கிடையாது. ஒன்பது வருடம் வளர்த்த சிறுநீரகச் செல்களும், அவற்றைப் பற்றி எழுதிய நான்கு கட்டுரைகளும்தான் அவள் கையிலிருந்தவை. நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பு, யாரும் கேட்காமலே, அந்தச் செல்களின் அடையாளத்தைச் சோதிக்க மாதிரி அனுப்பினாள். சிறுநீரகச் செல்லே இல்லை என்று பதில் வந்தது. என்றோ ஒரு துளி தவறிக் கலந்து, வேறொரு வகைச் செல் பெருகி, பழையதை முழுக்க அழித்துவிட்டிருக்கிறது.

"நேர்காணல் முடியட்டும், அப்புறம் சொல்லேன். இப்ப யாரு உன்னைக் கேட்டா?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, போடில்."

அன்றே நான்கு கட்டுரைகளையும் திரும்பப் பெறுவதாக, அவை வெளியான இதழ்களுக்கு எழுதிவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் தவறு செய்தவர் கேக் கொண்டுவர வேண்டும். ஃப்ரீசர் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனால் கேக். மற்றவர்கள் தின்றுகொண்டே கிண்டல் செய்வார்கள். தவறு அதோடு தீர்ந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கெர்டாவும் தன் கேக்கை மேசையில் வைத்தாள். எட்டுப் பேருக்கு வெட்டினாள்.

"என்னப்பா, யாரும் கிண்டல் பண்ண மாட்டீங்களா?"

துறைத் தலைவர் மொவென்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "இது கேக்குல தீர்ற விஷயமா, கெர்டா? அந்த நேர்காணல் இனிமே..." என்று இழுத்துவிட்டு எழுந்தார். ஒவ்வொருவராகக் காப்பிக் கோப்பையோடு நழுவினார்கள். நான் மட்டும் ஒரு துண்டை எடுத்தேன்.

கெர்டா கையைத் துடைத்துக்கொண்டு போய் இன்குபேட்டரைத் திறந்தாள். குப்பியின் மேலிருந்த பழைய பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். சரியான பெயரை எழுதி, நேராக ஒட்டினாள். பிறகு, "வாங்கம்மா, பசிக்குதா?" என்று உணவை ஊற்றினாள்.