தலைக்கு மேலே எம்புட்டு இடம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய போட்டோக்காரர் யார் என்று கேட்டால், கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டுடியோக்காரரைச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் வயதானவர்கள் அவருடைய அப்பாவைச் சொல்வார்கள். என் மாமாவை யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் சுவரில் தொங்குகிற படங்களில் பாதி அவர் எடுத்ததுதான். ஆடிப்பூரத் தேர் முக்குத் திரும்புகிற படம் ஒன்று எத்தனையோ வருஷம் மளிகைக்கடைக் காலண்டரில் வந்துகொண்டிருந்தது. அதில் கடைக்காரர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும், எடுத்தவர் பெயர் மட்டும் இருக்காது. எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்தான். மாமாவுக்குக் கோபமே வராது. "தேர் நல்லாத் தெரியுதுல்ல, பொறவென்ன" என்பார்.

அப்படிப்பட்ட மாமாவை, வேறு ஆள் வேண்டாம், அவர்தான் வேண்டும் என்று ஒரு சபையே ஒருமுறை தேடி வந்தது. காரணம் அவருடைய திறமை இல்லை. உலகம் முடிகிற அன்று மாமா நிச்சயமாகப் பரலோகம் போகமாட்டார் என்பதில் எல்லாருக்கும் இருந்த உறுதிதான் காரணம்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எண்பதுகளின் கடைசி. நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். இரண்டு தெரு தள்ளிப் பெரியம்மா வீடு. அங்கேதான் எங்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். மில்லில் வேலை பார்க்கிறவர்கள், டீச்சர்கள், பஞ்சுக் கடைக்காரர் ஒருவர் என்று ஒரு சின்னக் கூட்டம். எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஊழியக்காரர் ஒருவர் எங்களுக்குப் பிரசங்கம் செய்வார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் மைக் வைத்ததுபோல் இருக்கும். அவர் ஒருநாள் பெரியம்மாவின் பச்சை பீரோக் கதவில் சாக்பீஸால் கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டு, வருகிற தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சூரியன் உதிக்கிற நேரத்தில் ஆண்டவருடைய வருகை என்று சொல்லிவிட்டார். விசுவாசிகளை நின்ற இடத்திலிருந்து அப்படியே மேலே எடுத்துக்கொள்வாராம். மற்றவர்கள் இங்கேயே கிடந்து சீரழிய வேண்டியதுதான்.

போட்டோ யோசனை பெரியம்மாவுடையது. நாம் போய்விடுவோம், மிச்சமிருக்கிற ஜனங்கள் எதைப் பார்த்து மனம் திரும்பும்? நாம் மேலே போகிற படம் ஒன்று இருந்தால் ஊரே நம்பும். எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஆனால் யார் எடுப்பது? எங்களில் யார் எடுத்தாலும் கேமராவோடு சேர்ந்து அவரும் போய்விடுவார். ஆகவே கண்டிப்பாகப் பூமியில் தங்கிவிடுகிற ஆள் வேண்டும். எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கையில் பெரியம்மாவே சொன்னாள்: "எங்க தம்பி ஒருத்தன் இருக்கான்ல. அவன் எங்க போகப்போறான்."

மாமா அத்தையைப் பறிகொடுத்தவர். காய்ச்சலில் கிடந்த அத்தை எழுந்து நடப்பாள் என்று யாரோ தரிசனம் கண்டு சொல்லியிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து மாமா சபை வாசலை மிதிப்பதில்லை. பிள்ளையும் கிடையாது. ஸ்டுடியோவே வீடு, வீடே ஸ்டுடியோ என்று இருந்துவிட்டார்.

ஊழியக்காரர், பெரியம்மா, அம்மா, நான் எல்லாருமாக பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கப்பலும் கடலும் வரைந்த திரைக்கு முன்னால் எங்களை உட்காரவைத்து, மாமா விஷயத்தைக் கடைசிவரை கேட்டார். சிரித்துவிடுவாரோ என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். அவர் சிரிக்கவில்லை. தொழில்காரர் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்டார்.

"தலைக்கு மேல எம்புட்டு இடம் விட?"

ஊழியக்காரருக்குப் புரியவில்லை. "என்ன இடம்?"

"படத்துலதான். நீங்க மேல போகும்போது படத்தை விட்டு வெளிய போயிரக் கூடாதுல்ல. ஓராள் உயரம் விட்டாப் போதுமா?"

"விடுங்க" என்றார் ஊழியக்காரர், சற்று யோசித்து.

"மெதுவாப் போவீங்களா, வேகமாப் போவீங்களா? வேகம்னா படம் கலங்கிரும்."

"கண் இமைக்கிற நேரம்தான்."

மாமா முகத்தில் உண்மையான கவலை வந்தது. "அந்த நேரத்துல வெளிச்சம் பத்தாதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "சரி, வாரேன்" என்றார்.

எனக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மேலே போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே பள்ளிக்கூடம் கிடையாது என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் மாமா இல்லாமல் எப்படிப் போவது? இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டு, தண்ணீருக்குள் வெள்ளைத் தாளில் என் முகம் மெல்ல மெல்ல வருவதைக் காட்டுகிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். கிளம்பும்போது அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, நீங்களும் எங்ககூட வாங்க மாமா."

"நானும் வந்துட்டா போட்டோ யாரு தாயி எடுப்பா?" என்றார்.

பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பரலோகம் போகிற பிள்ளை இப்படியா அழும் என்று பெரியம்மா கடிந்துகொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. அதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஏற்பாடுகளை இப்போது நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா மில்லில் லீவு சொல்லியிருந்தார், காலையில் அரைநாள் மட்டும். அம்மா முந்தின நாளே இட்லிக்கு மாவாட்டி வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "அது பாட்டுக்குக் கெடக்கட்டும், ஒனக்கென்ன" என்றாள். பெரியம்மா அடுத்த வீட்டு ராஜு வீட்டம்மாவிடம் சாவியை ஒப்படைத்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற அந்த அம்மா நல்ல மாதிரி. "செடிக்குத் தண்ணி ஊத்திக்கிடுதேன், நீங்க கவலப்படாமப் போயிட்டு வாங்க" என்று எங்கள் மோட்சப் பயணத்துக்கு விடைகொடுத்தார். பீரோச் சாவியை மட்டும் பெரியம்மா தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

கூரைக்குக் கீழே நின்றால் தலை இடிக்கும் என்பதால் எல்லாரும் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். வெள்ளை உடை. நகை கிடையாது. மாமா விடிவதற்கு முன்பே சைக்கிளில் வந்து, மாடி ஓரம் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவைத் தூக்கிப் பிடித்தாற்போல் வைத்திருந்தார். ஓராள் உயரம் விட்டிருப்பார் போல.

எங்கள் ஊரில் மலை மேற்கே. சூரியன் வருவதற்கு முன்பே மலை உச்சியில் வெயில் விழுந்துவிடும், பிறகு மெல்ல இறங்கும். உச்சி மஞ்சளானதும் உதயம் ஆகிவிட்டது என்றார் பஞ்சுக் கடைக்காரர். இல்லை, கிழக்கே வட்டம் தெரிந்தால்தான் கணக்கு என்றார் ஊழியக்காரர். அடுத்தடுத்த மாடிகளில் ஜனங்கள் டம்ளரும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள். எல்லாரும் கையைத் தூக்கிக் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார்கள்.

நான் கண்ணை மூடவில்லை. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. பாட்டு உச்சத்துக்குப் போனதும் வரிசையிலிருந்து நழுவி ஓடி மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். நான் மேலே போனால் அவரும் கூடவே வந்துதானே ஆக வேண்டும்? என் எடைக்கு அவரைத் தூக்க முடியுமா என்றெல்லாம் யோசிக்கிற வயதில்லை. "ஏட்டி, இங்க வா" என்று பெரியம்மா பல்லைக் கடித்தாள். நான் அசையவில்லை. மாமாவும் என்னை விலக்கவில்லை. வட்டம் தெரிந்த நேரத்தில் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சுவர் ஓரம் நின்றதால் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

சூரியன் முழுதாக வந்தது. பால்காரர் மணியடித்துக்கொண்டு தெருவில் போனார். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. கண்களைத் திறந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து மாடியில் யாரோ கெக்கலித்தார்கள். டீச்சர் ஒருவர் விசும்ப ஆரம்பித்தார். ஊழியக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கீழே இறங்கித் தெருவில் எப்படி நடப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது மாமாதான் வாயைத் திறந்தார். "இம்புட்டுப் பேரு ஒரே மாதிரி உடுத்தி வந்திருக்கீக. குரூப் போட்டோ எடுக்க இதவிட நல்ல நாள் வாய்க்குமா? அக்கா, நாலு நாற்காலி எடுத்துட்டு வா."

பெரியம்மா இயந்திரம்போலப் போய் நாற்காலி எடுத்து வந்தாள். உயரமானவர்கள் பின்னால், பிள்ளைகள் தரையில் என்று மாமா ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு நிறுத்தினார். ஊழியக்காரர் வர மறுத்தார். மாமா அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"ஐயா நடுவுல உக்காரணும். நீங்க இல்லாம படம் நெறையாது."

அவர் உட்கார்ந்தார். மாமா தன் அக்காவைப் பார்த்து, "இடுப்புல என்னக்கா, சாவியா? மேல பீரோ இருக்குமோன்னு எடுத்துட்டுப் போகப் பாத்தியாக்கும்" என்றார். முதலில் சிரித்தது அப்பா. பிறகு சபையே சிரித்தது. பக்கத்து மாடிக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். ஆனால் அது இப்போது வேறு சிரிப்பு. அந்த நேரத்தில் மாமா அழுத்திவிட்டார்.

அந்தப் படம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. கண் கலங்கிச் சிரிக்கிற முகங்கள், பின்னால் வெயில் இறங்கிய மலை. ஏதோ ஆண்டு விழா என்று சின்னவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். யார் எடுத்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் மாமா பெயரைச் சொல்லிவருகிறேன். அடுத்த முறை போகும்போது மறந்திருப்பார்கள். நான் மறுபடியும் சொல்வேன்.

அன்று அம்மா மாவை வீணாக்கவில்லை. எங்கள் வீட்டில் மாமாவுக்கு இட்லி வைத்துக்கொண்டே, "ஏண்ணே, வெயில் வந்த நேரத்துக்கு ஒரு படம் எடுத்தீகளா?" என்று கேட்டாள்.

"எங்க எடுக்க. கை ஒழியல" என்றார் மாமா.

சும்மாதானே நின்றார், பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். என் மணிக்கட்டு சிவந்து கன்றியிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். நான் அவரை மேலே கொண்டுபோகப் பிடித்திருந்தேன், அவர் என்னைக் கீழேயே வைத்துக்கொள்ள இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த மாடியில் அன்றைக்கு நின்றவர்களில், நான் போயேவிடுவேன் என்று உண்மையாகவே நம்பியவர் மாமா ஒருவர்தான்.