பகல் திரை

எங்கே போனாலும் பெரியப்பா முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார். சொந்தக்காரர் வீடு, ஆஸ்பத்திரி, என் விடுதி அறை, எதுவானாலும். மேசையில் தண்ணீர் பாட்டில்மேல் வெயில் பட்டால் நகர்த்தி வைப்பார்.

"விளக்குல வேலை, ஆனா வெளிச்சம் ஆகாது இந்த மனுஷனுக்கு" என்று பெரியம்மா கேலி செய்வாள்.

அவர் கலங்கரை விளக்கத்தில் உதவியாளர். ஊரை விட்டு விலகி, கடலுக்குள் நீண்ட பாறைமுனையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோபுரம். ஆதியில் எண்ணெய் விளக்கு, பிறகு மின்விளக்கு. சுற்றிலும் ஆள் உயரக் கண்ணாடி வில்லைகள். இரவில் சின்ன விளக்கின் ஒளியைத் திரட்டிக் கடலுக்கு அனுப்பும் அதே கண்ணாடி, பகலில் வெயிலைத் திரட்டி உள்ளே இருப்பதைக் கருக்கிவிடும். அதனால் விடிந்ததும் விளக்கறைக்குத் திரை போட வேண்டும்.

அவர் இறந்த அன்று காலையில்தான் பெரியம்மா சொன்னாள். வேலையில் சேர்ந்த புதிதில், ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று திரை போடாமலே இறங்கி ஓடிவந்துவிட்டார். மத்தியானத்துக்குள் வயர்கள் உருகிப்போயின. அன்று சாயங்காலம் விளக்கு எரியவில்லை. விசாரிக்க அதிகாரி வந்தபோது, கூட வேலை பார்த்த மூத்தவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் மறந்துட்டேன்."

பிறகு பெரியப்பாவிடம், "உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னைத் தூக்கி எங்கயாவது போடுவாங்க, அவ்வளவுதானே. என் பொண்ணு வளர்ந்ததும் அவகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடுப்பா" என்றாராம்.

மூத்தவரை ஒரு தீவுக்கு மாற்றினார்கள். அங்கேயே இறந்தார். ஊரில் 'மறதி' என்ற பட்டப்பெயர் மட்டும் தங்கிவிட்டது. மகள் எங்கள் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். விளக்கறைத் திரை கிழியும்போதெல்லாம் பெரியப்பா அவளிடம்தான் கொடுத்துத் தைத்து வாங்கினார். ஒவ்வொரு முறையும் திரையோடு திரும்பினார்.

"எனக்கு வாய் வரல. நீ படிச்சவன், பக்குவமா சொல்லிடு" என்றாள் பெரியம்மா.

அந்தச் சம்பளத்தில் படித்தவன் நான். என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லைதான்.

மதியம் தையல் கடை அக்கா வந்தாள். பெரியப்பாவின் முகத்தில் வெயில் விழுவதைப் பார்த்து, தானே எழுந்து ஜன்னல் திரையை மூடினாள்.

"இவர் மாதிரி பொறுப்பு யாருக்கு வரும் தம்பி? எங்கப்பாவும் இருந்தாரே, ஒரு திரையைப் போட மறந்தவர்."

பெரியம்மா என்னையே பார்த்தாள்.

"டீ குடிக்கிறீங்களா அக்கா?" என்றேன்.