ஏலத்தில் எடுத்த சக்கர நாற்காலி

அந்த ஏலத்தில் நான் ஜெயித்தது கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான். முதல் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மூடிப்போன ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சாமான்களை ஆன்லைனில் ஏலம் விட்டிருந்தார்கள். கட்டில்கள், பீரோக்கள், மருந்து வைக்கும் தள்ளுவண்டிகள், இவற்றுக்கு நடுவே மோட்டாரில் ஓடும் ஒரு சக்கர நாற்காலி. என்னோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த ஆள், யாரோ தெரியவில்லை, பஸ் வல்லம் தாண்டும்போது விட்டுக்கொடுத்துவிட்டார். பச்சை எழுத்தில் வாழ்த்து வந்தது. பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை எழுப்பிக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

என் கணவரும் இந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்த்தவர்தான். விருதுநகர் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தோம். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். ஷிப்ட் விட்டு பைக்கில் வரும்போது விளக்கில்லாமல் பின்னால் வந்த லாரி அவரை இடித்துப் போட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தோளும் நொறுங்கியிருந்ததால், கையால் சக்கரத்தைத் தள்ளும் நாற்காலி இப்போதைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வேலைக்குப் போனதும் வீட்டுக்கார அக்கா நடுவில் வந்து பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் அவர் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவை, நான் கேட்காமலே, முனையில் இருக்கும் டீக்கடைவரை தானாகப் போய் ஒரு டீ குடிக்க வேண்டும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் போனில் தேட ஆரம்பித்தேன்.

போட்டோவில் நாற்காலி நன்றாகவே இருந்தது. வலது கைப்பிடியின் நுனியில் ஒரு குட்டிக் குச்சி. அதை முன்னால் சாய்த்தால் வண்டி முன்னால் போகும், பக்கத்தில் சாய்த்தால் திரும்பும். அவருக்கு ஒரு கை போதும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் காட்டினேன். குச்சி இருக்கும் இடத்தின் மேல் கட்டை விரலை வைத்துப் பார்த்தார். போனஸ் பணம் முழுவதும் அதற்குப் போனது. எனக்கு அது வருத்தமாகவே இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் லாரி பார்சல் ஆபீசுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மரச்சட்டம் அடித்த பெட்டி. ஒரு பக்கச் சட்டம் உடைந்து, உள்ளே இருந்த அட்டை வெளியே பிதுங்கியிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அங்கே இருந்த ஆள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கையெழுத்து போட்டாத்தாம்மா பொருளு உன்னுது. எல்லாரும் இங்கியே பிரிச்சிகினு இருந்தா நாங்க எங்க நிக்கறது?"

பின்னால் வரிசை நின்றது. பெட்டியை ஏற்றக் கூட்டி வந்த குட்டியானை வண்டி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டு வாசலில் பெட்டியைப் பிரித்தோம். அவர் பார்க்க வேண்டும் என்று கட்டிலைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டிருந்தேன். வீட்டுக்கார அக்கா கத்தியால் கயிறுகளை அறுத்தார். முதலில் கறுப்பு ரெக்சின் முதுகு தெரிந்தது, அப்புறம் இரண்டு பெரிய சக்கரங்கள். நான் வலது கைப்பிடியைத் தேடினேன். கைப்பிடி இருந்தது. குச்சி இல்லை. அது இருந்த இடத்திலிருந்து நாலைந்து ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கழற்றி எடுத்த மாதிரி இல்லை, கட்டரால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தார்கள். கால் வைக்கும் தட்டுகளில் ஒன்று காணவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரி பலூன் மாதிரி உப்பியிருந்தது.

"இன்னாம்மா இது, ஒயர அறுத்துட்டு அனுப்பிகிறானுங்க," என்றார் அக்கா.

நான் அட்டைக்குள்ளும் தெர்மோகோலுக்குள்ளும் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தேன். வேறு பொட்டலமாகக் கட்டி உள்ளே போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தாயிற்று. கதவோரத்திலிருந்து அவர் சொன்னார்: "விடு புள்ள. இல்லாதத எங்கன போய்த் தேடுவ?"

மறுநாள் டீ பிரேக்கில், சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில் என்று போன் போட்டேன். ஏலம் நடத்திய இணையதளத்துக்குக் கூப்பிட்டால் முதலில் மெஷின் பேசும், பிறகு பாட்டு ஓடும், பிறகு லைன் துண்டாகிவிடும். கம்பெனியில் வேலை செய்யும் லைனுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் மிச்ச நேரத்தில் அவரே கூப்பிட ஆரம்பித்தார். விபத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம்கூடப் பேசாதவர், முகம் தெரியாத பெண்களிடம் ஒயர் வெட்டுப்பட்டதை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னார். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார்களாம். இல்லை. பார்சல் ஆபீசில் குறை எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களா? அதுவும் இல்லை. ஏலப் பொருட்கள் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகின்றன என்று ஒரு மெசேஜ் வந்தது. அதோடு புகாரை மூடிவிட்டார்கள். அவர் திரும்பத் திறந்தார். திரும்ப மூடினார்கள்.

வார லீவில் நான் விற்றவரைத் தேடிப் போனேன். மாதவரம் பக்கத்தில் ஒரு குடோன். அதைக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. விற்றவர் என் வயதுதான் இருப்பார். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தபோது நாற்காலியில் எல்லாம் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். போட்டோ அப்போது எடுத்ததாம். அதற்கப்புறம் எலக்ட்ரானிக் சாமான்களை மட்டும் மொத்தமாகக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். குடோன் பையன்கள் எல்லாவற்றிலிருந்தும் வெட்டி எடுத்து ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

"அவர் யாருன்னு சொல்லுங்க சார். நான் போய்க் கேட்டுக்கிறேன்."

"அதெல்லாம் அப்பவே உடைச்சி உருக்கியிருப்பாங்க மேடம்."

என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருப்பதைச் சொன்னேன். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். விற்றவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். போட்டோவை மாற்றாதது தப்புதான் என்றார். ஆனால் பணம் தளத்துக்குப் போய்விட்டது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். புது குச்சிக்கு விசாரித்தால், அந்த மாடல் இந்தியாவில் இப்போது விற்பதே இல்லை என்று தெரிந்தது. கோயம்பேட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. வீட்டுக்குப் போய் அழ முடியாது. இறங்குவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக அழுதேன்.

சக்கரத்தின் பக்கத்தில் இருந்த ஒரு பிடியை இழுத்துவிட்டால் மோட்டார் கழன்றுகொள்ளும், கையால் தள்ளலாம் என்று என் கணவர் போனில் படித்துக் கண்டுபிடித்தார். அடுத்த லீவு நாள் சாயங்காலம் நானும் வீட்டுக்கார அக்காவும் அவரைத் தூக்கி அதில் உட்கார வைத்தோம். தட்டு இல்லாத பக்கத்துக் காலைத் துண்டால் கட்டினோம். வண்டி இரும்புக் குண்டு மாதிரி கனத்தது. தெருவில் ஜல்லி கொட்டியிருந்த இடத்தை எப்படியோ தாண்டி ரோட்டோரம் வந்துவிட்டோம். டீக்கடை பெஞ்சு கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே வலது பக்க டயர், பழைய ரப்பர், அப்படியே பிளந்து கழன்றது. வண்டி ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. நான் முழு பலத்தோடு பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தப் பார்த்தார்.

ஒரு கம்பெனி பஸ் நின்றது. யூனிபார்மில் ஏழெட்டு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். அவருடைய பழைய கம்பெனி ஆட்கள். ஒருவர் அவரை அடையாளம் கண்டு, "அண்ணே, நீங்களா," என்றார். அவரை நாற்காலியோடு தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். அவ்வளவு தூரமும் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார், "இனிமே என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போகாத."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. நான் யாருக்காக இதையெல்லாம் செய்கிறேன் என்று கத்தினேன். நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சோறு, மாத்திரை, மூத்திரப் பை மாற்றுவது, அவ்வளவுதான். நாற்காலி வாசலில் மழையில் நனைந்தது. ஒரு நாள் காயலான் கடைக்காரர் வந்து கேட்டதும் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஏலத்தில் கட்டிய பணம் எதுவும் திரும்ப வரவில்லை. அவர் போன் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

தோளுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண், மாதக்கணக்கில் ஆன பிறகு, இனிமேல் கையால் தள்ளிப் பார்க்கலாம் என்று சொல்லி அவர்கள் கிளினிக்கிலிருந்து ஒரு சாதாரண நாற்காலியை இரவல் கொண்டுவந்து போட்டாள். அவர் அதில் உட்காருவார், ஆனால் தள்ள மாட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் முதல் ஷிப்ட் முடிந்து வந்தேன். நல்ல வெயில். தூரத்திலிருந்தே கேட்டுக்கு உள்பக்கம் ஆள் இருப்பது தெரிந்தது. அவர்தான். வேர்வையில் சட்டை முழுக்க நனைந்து, முகம் கறுத்துப்போயிருந்தது. பின்பகுதியிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டருகே சக்கரம் மண்ணில் புதைந்துவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. காலையில் அக்கா கைகொடுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனதுமே வந்துவிட்டாராம். உள்ளே வீட்டுக்கார அக்காவின் டிவி சத்தம் கேட்டது.

"ஏங்க, அக்கா வீட்ல தான இருக்காங்க. ஒரு சத்தம் கொடுக்க வேண்டியதுதான?"

"கூப்பிட்டா உள்ள கொண்டுபோய் விட்ருவாங்கல்ல," என்றார்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். நாற்காலியை ரோட்டைப் பார்த்தபடியே விட்டுவிட்டு, எடுத்து வர உள்ளே போனேன்.