முனிரத்தினம் அண்ணன் உடைத்த வண்டி

போன வாரம் ஒரு மத்தியான வேளை. ஆம்பூர் டாக்ஸி ஸ்டாண்டில் என் வண்டிக்கு ஜாக்கி வைத்து டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டி ஓட்டும் சுந்தரம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "காதர் பாய், முனிரத்தினத்த பெட்ரோல் பங்க்ல அடிச்சுப் போட்டுட்டானுங்க. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உயிர் போய்ட்ச்சாம்" என்றார். கையிலிருந்த ஸ்பேனரை நான் கீழே வைக்கவில்லை. அடித்தவனைத் தேடிப் போக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை மறுநாள்தான் வந்தது.

ஆம்பூரில் கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நமது டிரைவர்கள் சங்க மலரை வாங்கிப் படிக்கும் வெளியூர் அன்பர்களுக்காக எழுதுகிறேன். நேற்று நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒரு பெரியவர் அவரைச் சாந்த சொரூபி என்றார். அண்ணன் கூட்டத்தில் இருந்திருந்தால் அந்தப் பெரியவரின் சட்டைக் காலர் அவர் கையில் இருந்திருக்கும். அவர் அடிதடிக்காரர். அதை மறைத்து எழுதினால் அது வேறு யாரோ ஒருவருக்கு எழுதிய அஞ்சலியாகிவிடும்.

குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தறிக்குழியில் உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒரே எடத்துல குந்திக்கினு காலை ஆட்டிக்கினே இருந்தா எந்த ஊர் போய்ச் சேர்றது?" என்று தகப்பனாரிடம் கேட்டு, தறியில் ஓடும் நாடாக் கட்டையாலேயே முதுகில் வாங்கிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவர். அப்போது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது. வாடகைக் கார்களின் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு கரி வண்டிதான் அவர் கைக்கு முதலில் வந்தது.

அந்த வண்டியை அவர் வெறுத்ததைப் போல மனிதர்கள் யாரையும் வெறுத்ததில்லை. காலையில் கரி கொட்டிப் பற்றவைத்து, கையால் காற்றாடி சுற்றி, கண் எரிய எரியப் புகையைப் பதத்துக்குக் கொண்டுவந்து, பிறகு முன்னால் போய் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றி, ஹேண்டில் போட்டு என்ஜினைக் கிளப்ப வேண்டும். ஒருநாள் ஹேண்டில் எதிர்த்து அடித்ததில் அவருடைய மணிக்கட்டு முறிந்தது. தொங்குகிற கையோடு அவர் வண்டியை உதைத்தார். கால் பெருவிரல் நகம் பெயரும் வரைக்கும் உதைத்தார். "அப்புறம் அதும்மேலயே சாஞ்சுக்கினு அழுதேன் பாய். பாவம், அதுக்கு மட்டும் கரி திங்கணும்னு ஆசையா இன்னா?" என்று ஒருமுறை சொன்னார்.

நான் அவரைச் சந்தித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து, பெட்ரோல் வண்டி ஒன்றோடு அவர் ஆம்பூர் ஸ்டாண்டுக்கு வந்த புதிது. பீடி பற்றவைக்க எதையாவது உரச வேண்டுமே என்று, பக்கத்தில் நின்ற வண்டியின் மட்கார்டில் தீக்குச்சியை உரசினேன். அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது மண்ணில் கிடந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. என்னைத் தூக்கி நிறுத்தி டீக்கடைக்கு அழைத்துப்போனவரும் அவரே. "வண்டின்னா ஒடம்பு பாய். உன் பொஞ்சாதி முதுகுல குச்சி ஒரசுவியா?" என்றார். ரத்தமும் டீயுமாக விழுங்கிக்கொண்டே நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

ஸ்டியரிங் பிடிக்கும் அவருடைய கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் பெரிய முதலாளி அவரைத் தன் சொந்த வண்டிக்கு அமர்த்திக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன பெரிய கறுப்பு வண்டி அது. ஆம்பூர்க்காரர்களுக்குத் தோல் என்றால் மூக்கைப் பொத்த வைக்கும் சமாசாரம். அந்த வண்டியின் சீட்டை முகர்ந்துவிட்டு வந்து, "தோலுக்கு இப்டி ஒரு வாசனை இருக்குதுன்னு இதுல ஏறினப்புறம்தான் தெரிஞ்சுகினேன்" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வளைவில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி நேருக்கு வருவது அவருக்கு உயிர். அதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் காற்றில் வைத்துத் தளர்த்திக் காட்டுவார். ஆனால் அதன் பிரேக்கைக் கண்டால் ஆகாது. மூன்று மிதி மிதித்தால்தான் பிடிக்கும். செல்ஃப் ஸ்டார்ட்டர் எப்போதோ செத்துவிட்டது, ஹேண்டில்தான். பின்கதவு ஒன்று பள்ளத்தில் தானே திறந்துகொள்ளும். இதற்கெல்லாம் அவர் அந்த வண்டியைத் திட்டிய வார்த்தைகளை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. அவர் திட்டலாம். வேறு யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

காட்பாடிப் பாலத்தில் ஒரு பஸ், அந்த வண்டியின் கதவை லேசாக உரசிவிட்டது. அண்ணன் பஸ்ஸை மறித்து, டிரைவரை ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தார். இருவரும் புரண்டு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதினார்கள். ஒருவர் காது கிழிந்தது, இன்னொருவர் மூக்கு உடைந்தது. பஸ் பயணிகள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரிய முதலாளி பின்சீட்டில் பேப்பரைப் புரட்டியபடியே, "முனிரத்தினம், ரயிலுக்கு நேரமாச்சு" என்றாராம். அவர் இருந்தவரைக்கும் அண்ணனுக்கு ராஜபோகம்தான்.

பெரிய முதலாளி காலமான பிறகு அவர் மகன், சின்ன முதலாளி வந்தார். அண்ணனுக்கும் அவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துவரவில்லை. சின்ன முதலாளி பேசும்போது பூட்ஸ் காலால் டயரை உதைத்துக்கொண்டே பேசுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனின் தாடை இறுகும். வண்டியை விட்டுப் போக மனமில்லாமல் பொறுத்துக்கொண்டார். அவர் பொறுத்துப்போன ஒரே காலம் அதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தத் தோல் ஷாப்பில் வேலைநிறுத்தம் வந்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர்களின் கால்கள் வெந்து புண்ணாகிவிடும். ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஷாப் கேட்டுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் பெண்கள். உள்ளே தொட்டியில் தோல் அழுகிக்கொண்டிருந்தது. எப்படியும் உள்ளே போய்விடுவது என்று சின்ன முதலாளி, அண்ணன் ஓட்ட, கறுப்பு வண்டியில் கிளம்பி வந்தார். இரண்டு பக்கப் படியிலும் ஒவ்வொரு அடியாள் தொற்றிக்கொண்டிருந்தான். எதிர்க் கடையில் சவாரிக்காகக் காத்திருந்த நான் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன்.

வண்டி மெல்ல வந்தது. பெண்கள் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குக் கைநீளத்தில் வண்டி நின்று, என்ஜினும் அணைந்தது. உள்ளே நடந்த பேச்சை அண்ணன் பிறகு எனக்குச் சொன்னார்.

"இன்னாத்துக்கு நிறுத்தின? மேல ஏத்து. ஏந்திருச்சு ஓடுவாளுங்க."

"ஏந்திருக்க மாட்டாங்க சார். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"நீ எறங்கு. ஹேண்டில் போடு. நான் ஓட்றேன்."

சின்ன முதலாளி ஸ்டியரிங்கில் வந்து உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ஹேண்டிலோடு இறங்கினார்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஹேண்டிலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு ஒரு டிரைவர் முன்னால் போனால், வண்டி கிளப்பப் போகிறார் என்று பொருள். மேலே தூக்கிப் பிடித்தால், யாருடைய மண்டையோ உடையப் போகிறது. ஸ்டாண்டில் எல்லோரும் ஒதுங்கிவிடுவோம். அன்று அண்ணன் வண்டியின் முன்னால் வந்து நின்று, ஹேண்டிலை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். அவருக்கு எதிரே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கியவரோ ஊரறிந்த அடிதடிக்காரர், அதிலும் முதலாளியின் டிரைவர். கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து அவருடைய இடது கண்ணில் இறங்கியது.

அவர் விழவில்லை. ஒரு கையால் பானட்டைத் திறந்தார். முகத்து ரத்தம் சூடான என்ஜின் மேல் சொட்டிப் பொரிந்தது. ஹேண்டிலை ஓங்கி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்தார். அடுத்து பிளக்குகள், கார்ப்புரேட்டர், ரேடியேட்டர் என்று அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை, கூடவே ஒரு கேவல். வெந்நீர் பீறிட்டு அவர் மார்பில் அடித்தது. அப்போதும் நிறுத்தவில்லை. அவர் மனிதர்களை அடித்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த வண்டியை அடித்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அடியாட்கள் இருவரும் அவர் மேல் பாய்ந்தார்கள். கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். என்ன நடந்தது என்று அப்போதுதான் தொழிலாளிகளுக்குப் புரிந்து, மொத்தக் கூட்டமும் எழுந்தது. போலீஸ் தடியோடு வந்து சேர்வதற்குள் அவரை இழுத்து என் டாக்ஸியில் போட்டேன். வேலூர் போகும் வழியில் பள்ளிகொண்டா தாண்டும்போது முனகினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து வண்டியை நிறுத்திக் குனிந்தேன். "சீட்டு பாழாவுது பாய். ஒரு கோணி போடேன்" என்றார்.

கண் போய்விட்டது. ஹேண்டிலை எங்கேயாவது வீசியிருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "வீசினா வேற ஒருத்தன் எடுத்தாந்து போடுவான். என்ஜின் கெளம்பினா ஓடிடும். யாரு மேல ஏர்றோம்னு அதுக்குத் தெரியுமா?" என்றார். கல் வீசிய தொழிலாளி ஏழுமலை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணன் அவனைக் கிட்டே கூப்பிட்டுப் பளீரென்று ஓர் அறை விட்டார். "கண்ணு போனா போவுது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா ஹெட்லைட் போயிருக்கும்டா! அது ஒண்ணுதான் ஒடையாம இருந்துச்சு."

தொழிலாளிகளுக்கு பூட்ஸ் கிடைத்தது. மாலையோடு அவரைப் பார்க்க வந்தார்கள். மாலையைப் பிய்த்து அவர்கள் முகத்திலேயே எறிந்தார். "உங்களுக்கோசரம் ஒடைக்கலய்யா. மனுஷன் மேல ஏறின வண்டிய அப்புறம் நான் எப்டித் தொட்டு ஓட்டுவேன்? என் வண்டிக்கோசரம் ஒடைச்சேன்." இதைக் கடைசிவரை மாற்றிச் சொன்னதில்லை. நாங்களும் நம்பினோம். அவருக்கு வண்டி மேல் இருந்த பைத்தியம் எங்களுக்குத் தெரியும்.

கண்ணோடு லைசென்ஸும் போன பிறகு நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் ஒன்றில் டயருக்குக் காற்று அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வருகிற வண்டிகளையெல்லாம் திட்டினார். "இன்னா வண்டி இது, பிஸ்கட் டப்பா" என்பார். ஆனால் தட்டிக்கொடுக்காமல் எதையும் அனுப்பமாட்டார். ஒருநாள் நான் டீ குடித்துவிட்டு வந்தபோது என் வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அணைந்த வண்டியில் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீட்டுக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். நானும் பார்க்காதவன்போல வேறு பக்கம் நடந்தேன். ஓட்டாமல் இருந்தது அவரைத் தினந்தினம் கொன்றது. அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

போன வாரம் நடந்ததை பங்க் ஆட்கள் சொன்னார்கள். பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று காற்றுக்காக நின்றது. குனிந்த அண்ணன், உள்பக்கச் சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகுவதைப் பார்த்தார். பங்க்கிலிருந்து பஜார் வரை சரிவு. அன்று சந்தை. "வண்டிய எடுக்காத. கீழ ஜனம் ஜாஸ்தி" என்றார். "ஒத்தக் கண்ணா, உன் வேலை காத்து அடிக்கிறது. அடிச்சுட்டுப் போ" என்று லாரிக்காரன் சிரித்தான். அண்ணன் லாரியின் முன்பக்கம் போனார். உட்கார்ந்து, முன்சக்கரம் இரண்டிலும் வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டார். லாரிக்காரனும் கூட வந்தவர்களும் ஜாக்கிக் கம்பியால் அவர் தலையில் அடித்தார்கள். இந்த முறை திருப்பி அடிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சாவு வீட்டில் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அன்னிக்கி என் வண்டிக்கோசரம்தான் ஒடைச்சேன்னு என்கிட்டயும் அதேதான் சொல்வாரு. இந்த லாரி யாருது பாய்? இதுக்கும் அவருக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டார்.

பாலாற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியில்தான் அந்த பங்க். போலீஸ் கேஸ் என்பதால் லாரியை யாரும் நகர்த்தவில்லை. முன்சக்கரங்கள் சப்பளிந்து, மூக்கைத் தரையில் குத்தியபடி நின்றது. அதற்குக் கீழே பஜாரில் ஆட்கள் வெங்காயமும் வெற்றிலையும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பாடை வருவதைப் பார்த்து எழுந்து வழிவிட்டார்கள். போவது யார் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

அண்ணே, வண்டிக்கோசரம்தான் என்று இத்தனை வருஷம் எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது பிடிபட்டுவிட்டீர்கள். இதற்காக எழுந்து வந்து என்னை அறைவதானால் அறையுங்கள்; இன்னும் பற்கள் மீதி இருக்கின்றன. இல்லையென்றால் போய் வாருங்கள்.