கூடைக்குள் சிரித்தவள்

தோர்க்கஸுக்குச் சிரிப்பு ஒரு வியாதி. வழுக்கி விழுந்தவரைத் தூக்கிவிட ஓடுவாள்; பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானும் உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவளை, புருஷன் பாருக் இறந்ததும், "அவனுக்கு மரச்சிலை செய்து ஊருக்குக் காட்டும்வரை தாரோக் கிழங்கைத் தொடாதே, வாய்விட்டுச் சிரிக்காதே" என்று கட்டிப்போட்டது அந்தக் கடற்கரை ஊர்களின் வழக்கம். கிழங்கில்லாமல் சமாளித்தாள். சிரிப்புதான் உயிரை வாங்கியது. தோட்டத்தில் கூடைக்குள் தலையை விட்டுச் சிரித்தாள். கடலில் முங்கிச் சிரித்து உப்புத்தண்ணீர் குடித்தாள்.

சிலை செய்விக்க வேண்டியவன் கொழுந்தன் எலியாப். சிலை காட்டும் விருந்துக்குப் பன்றி போதாது, மழை விடவில்லை என்று மூன்று வருஷம் இழுத்தடித்தான். ஒருவழியாகத் தென்னங்கீற்றில் வேலி கட்டி, உள்ளே மரத்தைக் கிடத்தி, சிற்பியை உட்காரவைத்தான். பெண்கள் அந்த வேலிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

விறகுச் சுமையோடு எட்டத்தில் போய்க்கொண்டிருந்தபோது எலியாப்பின் குரல் அவள் காதில் விழுந்தது.

"பறவைதான்யா பாம்பைக் கவ்வணும்! எங்க மாமன் சாவுக்குச் செஞ்சதை என் ரெண்டு கண்ணால பார்த்தவன் நான்!"

தோர்க்கஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விருந்துக்குச் சிறுமியாக அவளும் போயிருந்தாள். இந்த மகானுபாவன் அன்று வாயில் பன்றிக்கறியை அடக்கியபடி யார் தோளிலோ தூங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சிலையில் பாம்புதான் பறவையின் இறக்கையைக் கவ்வியிருந்தது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சிலைவடிவம் சொந்தம்; பறவை பாம்பைக் கவ்வுவது அடுத்த ஊர்ப் பெரியவர் ஏனோஸின் குலத்துச் சொத்து. செய்து வைத்தால் விருந்தின் நடுவே ஏனோஸ் எழுந்து "திருடன்" என்பார். பாருக்கின் சடங்கு பாதியில் நிற்கும். அவள் சிரிப்பும் கூடையோடு கிடக்கும்.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. புருஷன் குலத்துச் சிலையை வேறு குலத்தவள் வாயால் விவரித்தாலே திருட்டுத்தான். செத்தவன் கனவில் வந்து சொன்னால் மட்டும் குற்றமில்லை.

பாருக் ஒருநாளும் கனவில் வந்ததில்லை. அதில் அவளுக்கு அவன்மேல் கோபமே உண்டு. இருந்தாலும் மறுநாள் காலையில் வேலிக்கு எட்டத்தில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"டேய் எலியாப்! உங்கண்ணன் கனவுல வந்தாருடா!"

உளிச்சத்தம் நின்றது. "என்ன சொன்னாரு அண்ணி?"

"சொல்லவா வந்தாரு? கத்த வந்தாரு! 'பாம்பு பறவையோட றெக்கையைப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குது, என் தம்பி மடையன் எல்லாத்தையும் தலைகீழா பார்க்கிறான்'னு ஒரே கூச்சல்!"

உள்ளே "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஆளாளுக்குச் சண்டை. நல்லவேளை, பறவையும் பாம்பும் இன்னும் வெறும் மரமாகத்தான் இருந்தன.

விருந்தன்று வேலியைச் சாய்த்தார்கள். ஏனோஸ் பாக்கை மென்றபடி சிலையை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"உங்களுதுதான்" என்று துப்பிவிட்டுக் கறியைத் தேடிப் போனார்.

மூன்று வருஷச் சிரிப்பு பீறிட்டுக் கிளம்பியது. தென்னையில் இருந்த கிளிகள் அலறிப் பறந்தன. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கூட்டமும் சிரித்தது.

எலியாப் மட்டும் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "அண்ணி... அன்னிக்குக் கனவுல... என்னைப் பத்தி வேற ஏதாச்சும் கேட்டாரா?"

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். எல்லாம் பொய் என்று இவனிடம் எப்படிச் சொல்வது?

"கேட்டாரு. 'அந்தப் பய இன்னும் பல்லு விளக்காமத்தான் பாக்கு மெல்லுறானா'ன்னாரு."

"அவரேதான்! அண்ணனேதான்!" எலியாப் சிரித்துக்கொண்டே விசும்பினான்.

தோர்க்கஸ் யோசித்துச் சொன்னதல்ல அது. பாருக்கின் கேலி, பாருக் பேசும் அதே இழுப்போடு அவள் வாயில் தானாக வந்து விழுந்தது. பாவி மனுஷன், வருவதற்கு இத்தனை நாளா என்று அவனை வாய்நிறையத் திட்டிக்கொண்டே, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.