மூலையைச் சுற்றிப் போகிறவர்

அந்த லாரி ஓட்டுநர் ஓய்வுபெற்ற பிறகு தினமும் மாலை ஐந்து மணிக்கு விளையாட்டு மைதானத்தில் நடப்பார். எல்லாரும் ஓடுபாதையோடு சுற்றி வருவார்கள். இவர் மட்டும் வடகிழக்கு மூலை நெருங்கியதும் பக்கவாசல் வழியாகத் தெருவுக்கு வெளியே போவார். மதிலை ஒட்டி நடந்து, அடுத்த வாசல் வழியாக உள்ளே வருவார். மழையானாலும் சரி, சேறானாலும் சரி, இதில் மாற்றமே கிடையாது. கூட நடக்கிறவர்கள் அவருக்குச் 'சுத்துவழி' என்று பேர் வைத்துவிட்டார்கள். "அந்த மூலையில என்ன, உன் மாமியாரா உட்கார்ந்திருக்காங்க?" என்று கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். காரணத்தை மட்டும் இருபத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை மனுஷன்.

அந்த மூலையில் ஒரு காலத்தில் கிணறு இருந்தது. மைதானம் அமைத்தபோது அதை மூடச் சொன்னார்கள். அடிவரை மண் கொட்டி, அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். அதற்கு நாற்பது லோடு மண் ஆகும். ஒப்பந்தக்காரர் கில்லாடி. வாயின் குறுக்கே பழைய மரத்துண்டுகளைப் போட்டு, மேலே உடைந்த சிமெண்டுப் பலகைகளைப் பரப்பி, இரண்டே லோடு மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணச் சொன்னார். கொட்டியது இவர்தான். அப்போது மனைவிக்கு மாதம் ஏழு. "வாயைத் திறக்காம இரு, உனக்கு நிரந்தர வேலை" என்றார் ஒப்பந்தக்காரர். சொன்னபடியே கொடுத்தார். அந்த வேலையில்தான் குடும்பம் நடந்தது, மகள் பொறியாளர் ஆனாள். ஒப்பந்தக்காரர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். மரத்துண்டுகள் மட்டும் மண்ணுக்கடியில் உளுத்துக்கொண்டே இருந்தன.

போன மாதம் சாப்பிடும்போது மகள் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள். நகராட்சியில் சேர்ந்து அவள் தனியாகச் செய்யும் முதல் வேலை மைதானத்தைப் புதுப்பிப்பது. புது ஓடுபாதை, கைப்பந்துத் திடல், விளக்குகள். முந்நூறு பேர் உட்காரக் கூரை போட்ட கேலரி.

"கேலரி எந்தப் பக்கம்மா?"

"வடகிழக்கு மூலைப்பா. அங்கதான் இடம் சும்மா கெடக்கு."

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "அந்தப் பக்கம் வேணாம்மா. வெயில் அடிக்கும்."

"கூரை போடறோம்னு இப்பதானே சொன்னேன்?"

"அங்க கிணறு இருந்துச்சுன்னு சொல்வாங்க..."

"அதை முறையா மூடியாச்சு. நாப்பது லோடு மண்ணு, ஆவணம் இருக்கு, நானே பார்த்தேன்."

அந்த ஆவணம் பொய் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். அப்புறம் அவள் கண்ணை எப்படிப் பார்ப்பது? 'எங்கப்பா ஒரு சிக்னலைக்கூடத் தாண்டினதில்ல' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற பெண் அவள்.

நகராட்சி வாசலில் கருத்துப்பெட்டி வைத்திருந்தார்கள். மறுநாளே இடது கையால் ஒரு படிவம் எழுதிப் போட்டார்: 'மூலைக் கிணறு சரியாக மூடப்படவில்லை. கேலரி கட்டினால் உயிர்ச்சேதம் ஆகும்.' பேர் போடவில்லை, விலாசம் போடவில்லை. அப்பாடா என்று வீட்டுக்கு வந்து படுத்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்தின நாள் மகள் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். "ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு, அம்மா. கோழி கிளறின மாதிரி எழுத்து. கிணறு இருக்காம், உயிர் போகுமாம்."

"அதை என்ன பண்ணே?" என்றார் இவர்.

"பேரும் விலாசமும் இல்லாட்டி கணக்குல எடுத்துக்கக் கூடாதுப்பா. தனியா எடுத்து வெச்சுட்டேன். உண்மைன்னா நேர்ல வந்து சொல்லட்டுமே, யாரு வாயைப் பொத்தினா?"

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி. அவர் கை கழுவ எழுந்துபோனார்.

மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம். சுவரில் மகள் வரைந்த வரைபடம். மேசையில் மேலதிகாரி, பக்கத்தில் பதிவேட்டோடு மகள். ஆளுக்கு இரண்டு நிமிஷம், முடிந்தால் மணி அடிக்கும். கால்பந்துச் சங்கச் செயலாளர் எழுந்து, "பதினஞ்சு வருஷமாக் கேக்கறோம், இன்னிக்கே முடிவு பண்ணுங்க" என்று முழங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. "வேற யாராவது?" என்றார் மேலதிகாரி. ஒருத்தரும் இல்லை. மகள் பதிவேட்டை மூடப் போனாள்.

இவர் எழுந்துவிட்டார்.

"அட, நம்ம சுத்துவழி!" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அந்தக் கிணத்தை மூடலைங்க. நாப்பது லோடுன்னு எழுதினது பொய். ரெண்டு லோடுதான். மேல பலகையைப் போட்டு மறைச்சோம். மண்ணைக் கொட்டினது நான்."

மகள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் இருபத்தெட்டு வருஷமாகப் பயந்தார். நேரில் அது பயந்ததைவிடக் கொடுமையாக இருந்தது.

செயலாளருக்குச் சுர்ரென்று ஏறியது. "இத்தனை வருஷம் வாயில என்ன வெச்சிருந்தீங்க? யாரு சொல்லி இப்ப வந்து தடுக்கறீங்க? எங்க, காட்டுங்க பார்ப்போம்!"

மேலதிகாரி எழுந்தார். எல்லாரும் பின்னாலேயே மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். காவலாளி கடப்பாரை கொண்டுவந்தார். கிணற்றுக்கு அந்தக் காலத்து அடையாளம் ஒரு பெரிய மரம், அதை எப்போதோ வெட்டியாயிற்று. இவர் கடப்பாரையை வாங்கிக் குத்துமதிப்பாக ஓரிடத்தில் குத்தினார். டங்கென்று கெட்டித் தரை. இன்னோரிடத்திலும் டங். மூன்றாவது குத்தில் கை எரிந்தது.

"கட்டுக்கதை!" என்றார் செயலாளர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

உள்ளதைச் சொல்வதானால், அந்த நிமிஷம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. கிணறு கிடைக்காமலே போகட்டும். கிறுக்கன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, குற்றவாளி ஆக வேண்டாம். கடப்பாரையைக் கீழே போட்டார்.

அப்போது மகள் கேட்டாள். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவரோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "லாரியை எந்த வாசல் வழியா கொண்டாந்தீங்க?"

"பக்கவாசல். ரிவர்ஸ்ல."

"அப்ப அப்படியே வாங்க."

அவர் பக்கவாசலுக்குப் போய்த் திரும்பி நின்றார். இரண்டு கையாலும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து, தலையை வலது தோளுக்கு மேலாகத் திருப்பி, பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காதில் விழவில்லை. லேசாக இடது பக்கம் ஒடித்தார், நேராக்கினார். இடது கால் தானாகவே கிளட்சை மிதிப்பது போல் ஒரு தரம் அமுங்கியது. மதிலின் மூலை எந்த இடத்தில் கண்ணிலிருந்து மறையும் என்பதுவரை உடம்புக்கு ஞாபகம் இருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பிரேக்.

தோளுக்கு மேலாகப் பார்த்தார். லாரியின் பின்பலகை எங்கே நின்றிருக்குமோ, அதற்கு நேர் பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் வரைபடம்.

"தள்ளு! ஐயோ, அங்கேருந்து தள்ளு பாப்பா!"

வேலைக்குப் போன நாளிலிருந்து அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் துள்ளிப் பின்னால் போனாள். கூட்டமும் கலைந்து ஒதுங்கியது. அவர் கீழே போட்ட கடப்பாரையை எடுத்துவந்து, குப்புறப் படுத்து ஊர்ந்துபோய், கையை நீட்டி, அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அதைச் செங்குத்தாக ஊன்றினார். மெல்ல அழுத்தினார். ஒரு முழம் இறங்கியது. எதிலோ தட்டி நின்றது, நெறுநெறுவென்று நொறுங்கியது. பிறகு கடப்பாரை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு போயே போய்விட்டது.

எல்லாரும் காத்திருந்தார்கள். கீழே, வெகு ஆழத்தில், தொபுக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

செயலாளர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஆட்டக்காரப் பிள்ளைகள் அந்த மூலையில்தான் தினமும் பையை வைத்துவிட்டு உட்கார்வார்கள். காவலாளி கயிறு எடுத்துவர ஓடினார்.

மேலதிகாரி மகள் பக்கம் திரும்பினார். "இது பதிவாகணும்மா. விசாரணையும் வரும். சொன்னவர் பேர், விலாசம் எல்லாம் முறைப்படி கேட்டு எழுதிக்கோ."

இவர் சட்டை முழுக்க மண்ணோடு மகள் முன்னால் வந்து நின்றார். அவள் படிவத்தைப் பலகையில் செருகினாள். பேனாவைத் திறந்தாள்.

"பேர் சொல்லுங்க."

அவர் சொன்னார். எழுதினாள்.

"தகப்பனார் பேர்?"

அதையும் சொன்னார். தன் தாத்தாவின் பெயரை அவள் முதல்முறை கேட்பவள் போலக் கேட்டு எழுதினாள். கண்ணீர் விழுந்து ஓரெழுத்து ஊறியது. அதைத் துடைக்கவில்லை.

அடுத்த வரி விலாசம். அதை அவள் கேட்கவில்லை, தானே எழுதினாள்.