மருந்தடிக்கும் பேட்டரி

காலை 9.30க்கு ஈப்போவில் காரை எடுத்தேன். சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி, ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் கடந்து கம்போங் ராஜாவில் அறை எடுத்தேன். கையில் இருந்தது ஒரே ஓர் இரவு. சனிக்கோளின் வளையத்தைப் பார்க்க வேண்டும். தொலைநோக்கியை மோட்டாரால் தானாகத் திருப்பும் மவுண்ட் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன்.

மதியம் 1.15க்கு அதை மாட்டிப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. வீட்டில் சுவர் மின்சாரத்தில் ஓடிற்று. நான் கொண்டுவந்ததோ கைப்பேசிக்கான பவர் பேங்க். அது ஐந்து வோல்ட். மவுண்டுக்குப் பன்னிரண்டு வேண்டும். கார் பேட்டரியில் செருகலாம். ஆனால் அது இறங்கிப்போனால் காரைத் தள்ள ஆளில்லை.

மணி 3. சாலையோர உரக்கடையில் இருந்த அம்மாள் மூன்று பேட்டரிகளைக் காட்டினார். லோரி பேட்டரியை என்னால் தூக்க முடியாது. மோட்டார் சைக்கிள் பேட்டரி வண்டியைக் கிளப்பத்தான். மணிக்கணக்கில் இழுத்தால் கெட்டுவிடும். மூன்றாவது, முதுகில் சுமக்கும் பூச்சிமருந்துப் பம்ப்பின் பேட்டரி. பன்னிரண்டு வோல்ட், இரண்டரைக் கிலோ, எழுபத்தைந்து ரிங்கிட். நிதானமாக நெடுநேரம் ஓடுவதற்கென்றே செய்தது.

“மருந்தடிக்கவாண்ணே?”

தொலைநோக்கி என்றால் நாலு கேள்வி வரும். ஆமாம் என்றேன்.

“எத்தன ஏக்கர்?”

“அரை.”

“அர ஏக்கருக்கா இவ்ளோ யோசன? காத்தில்லாதப்ப அடிங்கலா.”

இரவு 8 மணி. பூத்தோட்டக் கூடாரங்களில் விளக்கு எரிந்ததால், தேயிலைச் சரிவில் சாலை அகன்ற ஓர் இடத்துக்குப் போனேன். காற்றில்லை. மோட்டார் மெல்ல முனகியது. இரண்டரை மணி நேரம் சனி நடுவிலேயே நின்றது, வளையத்தோடு. இத்தனை வருடம் கையால் நகர்த்தி நகர்த்தியே பார்த்தவன் நான். இப்போது கைக்கு வேலை இல்லை. இங்கே வந்து பாரேன் என்று வாய்வரை வந்தது. சுற்றிலும் தேயிலைதான்.

மறுநாள் காலை 8.30க்குப் புறப்பட்டேன். பேட்டரி நன்றாக உழைத்தது என்று சொல்லக் கடையில் நிறுத்தியவன், உண்மையையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்க வீட்டுப் பின்னாலயும் தேயிலதாண்ணே, நல்ல இருட்டு. கேட்டிருந்தா கரண்டுக்கு வயர் இழுத்து விட்டிருப்போம்லா. நாங்களும் பாத்திருப்போம்.” பிறகு, “மறுபடி எப்ப வர்றீங்க?” என்றார்.

பார்க்கலாம் என்று முணுமுணுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டேன். மலையிறங்கும் வளைவுகளில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன்: “அடுத்த மாசம் வர்றேங்கக்கா.”

தனியாக இருக்கும்போது நன்றாகத்தான் வந்தது.